கொக்குக்கு ஏழாம் நம்பர் பதில்

— இரு, இரு, மெஷினை நிறுத்து. இந்தப் புகாரைப் படிக்கிறேன், கேட்டுட்டு நியாயமா ஒரு வார்த்தை சொல்லு.

— நிறுத்திட்டேன். இந்த நாலு யூனிஃபார்மும் சாயங்காலத்துக்குள்ள தெச்சுக் குடுக்கணும்ங்க. சீக்கிரம் படிங்க.

— "இந்தப் படத்தைத் தள்ளியவருக்குக் கண் இருக்கிறதா, அல்லது முகத்தில் இரண்டு பட்டன் தைத்து வைத்திருக்கிறாரா? நாற்பது நாள் உழைப்பை நாலு நொடியில் குப்பையில் போட இவர் யார்? இவரை உடனே நீக்க வேண்டும்." எப்படி?

— ஐயோ பாவம். ரொம்ப மனசு நொந்து எழுதியிருக்காங்க. யாருங்க அது?

— நான்தான்.

— நீங்களா? யார் மேல?

— என் மேலதான்.

— சரி விடுங்க. காலையிலேர்ந்து அந்த லேப்டாப்பையே முறைச்சுக்கிட்டு இருக்காதீங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?

— முதல்லேர்ந்து சொல்றேன், சிரிக்காம கேளு. லேப்டாப்ல ஆடுற நம்ம துறைமுக விளையாட்டு இருக்குல்ல...

— நம்மன்னு என்னைச் சேர்க்காதீங்க. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கூட மாத்தாம கப்பல் விடுறது நீங்க மட்டும்தான்.

— சரிம்மா, என் விளையாட்டு. அதை ஆடுறவங்க வரைஞ்சு அனுப்புற படத்தையெல்லாம் நாங்க அஞ்சு பேர் பார்ப்போம். நல்லா இருந்தா கப்பல் பாய்ல ஏத்துவோம். இல்லைன்னா காரணம் சொல்லித் திருப்பி அனுப்பணும். வரைஞ்சது யாருன்னு எங்களுக்குத் தெரியாது. நம்பர் மட்டும்தான் வரும்.

— தெரியுமே. சம்பளம் இல்லாத உத்தியோகம். அஞ்சு வருஷத்துல ஒரு பனியன் கூட குடுக்கல.

— பனியன் எதுக்கு? மரியாதை இருக்குல்ல! குழாய்ல தண்ணி வரலைன்னு பகல் பூரா கவுன்ட்டர்ல திட்டு வாங்குறவன் நான். அங்க போனா, "சார், என் திமிங்கலத்தைக் கொஞ்சம் பாருங்க சார்"னு கெஞ்சுறாங்க. நியாயமா பார்த்தா, உலகத்துலயே என்னை மதிக்கிற ஒரே இடம் அதுதான்.

— அதுக்கு இப்ப என்ன ஆச்சு?

— படத்தைச் செக் பண்றவங்க சொந்தப் படம் அனுப்பக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. நான் 'கடல்நண்டு'ன்னு வேற பேர்ல போய் ஒண்ணு அனுப்பிட்டேன்.

— திருட்டுத்தனம்!

— திருட்டுத்தனம்தான். அடுத்தவங்க படத்தைத் தள்ளித் தள்ளி, நமக்கும் வரைய வரும்னு ஒரு நெனப்பு வந்துடுச்சு. ஒரே ஒரு கப்பல்லயாவது என் படம் போகணும்னு ஆசை. இந்த வயசுல இதை வாய்விட்டுச் சொல்லவே கூச்சமா இருக்கு.

— இதுல என்ன கூச்சம்? என்கிட்ட கூட காட்டலையே நீங்க.

— பாய்ல ஏறினதும் உன்னைக் கூப்பிட்டு, "இது யார் வரைஞ்சது சொல்லு பார்ப்போம்"னு கேக்கணும்னு இருந்தேன்.

— என்ன படம்ங்க?

— நங்கூரத்து மேல ஒத்தைக் கால்ல நிக்கிற கொக்கு.

— கொக்கா?

— கொக்குதான். ஏன்?

— ஒண்ணும் இல்ல. நூல் சிக்கிக்கிச்சு. நீங்க சொல்லுங்க.

— போன வாரம் கடல்நண்டு பேர்ல இருக்கிற மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தா, பதில் வந்திருக்கு. ஏழாம் நம்பர்! தள்ளுற படத்துக்கு அனுப்பறதுக்குன்னு பதினொரு பதில் எழுதி வெச்சிருக்கோம், அதுல ஏழாவது. "உங்கள் ஆர்வம் தெரிகிறது. படம்தான் தெரியவில்லை."

— அதை எழுதினதே நீங்கதானே?

— பதினொண்ணும் என் கைவண்ணம்தான். எழுதின அன்னிக்கு என்னா சிரிப்பு சிரிச்சேன்! நானே வெச்ச பேதி மருந்தை நானே குடிச்ச கதையா ஆயிடுச்சு. அது கூட பரவால்ல. படத்தைப் பார்த்தோம்னு காட்ட, கீழ ஒரு வரி சொந்தமா எழுதணும்கிறது எங்க வழக்கம். அதுல என்ன இருந்துச்சு தெரியுமா? "குடை அழகா இருக்குங்க. ஆனா குடைக்கு எதுக்குக் கால்?"

— ம்.

— சிரிக்கிறியா?

— இல்லங்க. வாயில ஊசி.

— வந்த கோவத்துல அப்பவே உக்காந்து புகார் எழுதி அனுப்பிட்டேன். அனுப்பின பிறகுதான், எந்தப் புண்ணியவான் தள்ளினான்னு பட்டியலைத் தேடினேன். பார்த்தா என் பேரு! பத்தொன்பதாம் தேதி, மத்தியானம் மூணு மணி.

— பத்தொன்பதா? நீங்க கண்ணு வலியில படுத்திருந்தீங்களே.

— அதேதான்! ரெண்டு கண்ணும் தக்காளியா சிவந்து கிடந்துச்சு. மருந்தை விட்டுக்கிட்டு அரைக்கண்ணால உக்காந்து தள்ளியிருக்கேன். எந்திரிச்சது கூட ஞாபகம் இல்ல. பாரேன், முதல்ல பாராட்டு, அப்புறம் ஒரு 'ங்க' வேற. நான் எவனையும் பாராட்டினதே கிடையாது. கண்ணு வலியில மனசு இளகியிருக்கு.

— அந்த வாரம் நானும் கொஞ்சம் பார்த்தேனேங்க. படம் சேர்ந்து போச்சு, பார்த்து விடுன்னு நீங்கதானே சொன்னீங்க.

— நீ பார்த்தா எல்லாம் பாஸ்தானே! வாசல்ல வந்தவன்கிட்ட வேணாம்னு சொல்ல வாய் வராம மூணு தண்ணி ஃபில்டர் வாங்கி வெச்சிருக்க. தைக்கக் குடுத்த அம்மா அளவைத் தப்பா சொன்னா, தப்பு உன்னோடதுன்னு நீயே ஒத்துக்கிட்டுப் பிரிச்சுத் தெச்சுக் குடுக்கிற. நீ ஏத்திவிட்ட அந்தப் பூசணிக்கா படத்துக்கு நான் வாங்கின பேச்சு கொஞ்சமா?

— அது பூனைங்க.

— உன்னைத் தவிர யாருக்கும் அது பூனையா தெரியல.

— சரி விடுங்க. புகாரைத் திரும்ப வாங்கிட்டா முடிஞ்சுது.

— முடியாது. எங்க குழுத் தலைவி கைக்குப் போயிடுச்சு. இருபத்திரெண்டு வயசுப் பொண்ணு, விதின்னா விதிதான். அஞ்சு மணிக்குள்ள என் விளக்கம் வேணுமாம். ஒழுங்கா பார்த்துட்டுதான் தள்ளினேன்னு எழுதினா, புகார் தள்ளுபடி. நான் அப்படியே இருப்பேன், கொக்கு போச்சு. பார்க்காம தள்ளிட்டேன்னு ஒத்துக்கிட்டா, என்னை நீக்கிடுவாங்க. ஆனா படம் வேற யார்கிட்டயும் போகாம நேரா கப்பல்ல ஏறும்.

— இப்படி ஒரு சட்டத்தை யாருங்க போட்டது?

— நான்தான். வேற எந்தப் பைத்தியக்காரன் போடுவான்?

— எதை எழுதப் போறீங்க?

— எழுதியே வெச்சுட்டேன். "என் கவனக்குறைவு. படத்தை நான் பார்க்கவே இல்லை. விலகிக்கொள்கிறேன்." அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

— அஞ்சு வருஷ மரியாதைங்க! திமிங்கலம், சார், எல்லாம் போயிடுமே. நாளைக்கு ஆபீஸ் விட்டு வந்து சும்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?

— போகட்டும். உண்மையைச் சொல்லவா? என் பேரைப் பட்டியல்ல பார்த்ததும் எனக்கு அழுகை வரல, நிம்மதியா இருந்துச்சு. கண்ணு நல்லா தெரியிற ஒருத்தர் பார்த்துட்டுத் தள்ளியிருந்தா, அன்னியோட வரையிறதை விட்டிருப்பேன். தள்ளினது ஒரு அரைக்கண்ணன். அப்ப நியாயமா பார்த்தா, என் கொக்கை இன்னும் யாருமே பார்க்கலை.

— யாரும் பார்க்கலைன்னா நல்ல படம்னு ஆயிடுமா?

— மோசம்னு ஆகலையே! எனக்கு அது போதும். மணி அஞ்சாக ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, அமுக்கறேன்.

— அனுப்பாதீங்க.

— ஏன்?

— அதுல எழுதியிருக்கிறது பொய்ங்க.

— எது பொய்? நான்தான் சொல்றேனே, அந்தப் படத்தை யாரும் பார்க்கவே இல்லைன்னு.

— பார்த்தாங்க. பெருசு பண்ணி, லேப்டாப்பைத் தலைகீழா புடிச்சு, தைக்கிற கண்ணாடியை மாட்டிக்கிட்டு கால் மணி நேரம் பார்த்தாங்க. பதினொரு பதிலையும் படிச்சு, எது கம்மியா வலிக்கும்னு யோசிச்சுதான் ஏழாவதை எடுத்தாங்க.

— யாரு அது?

— ஆயுசுல ஒரே ஒருத்தருக்கு வேணாம்னு சொன்னேங்க. அது நீங்களா இருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?