ஆடாத டீத்தட்டு

எந்த மோட்டர் பைக்க எடுக்க வந்தேன்னா? அத அப்புறம் சொல்றேன் தம்பி, அவசரம் ஒண்ணும் இல்ல. நீங்க நிதானமா அந்தச் செயின மாட்டுங்க, நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன். பேசாம இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் லா.

நானா? ஜெலுத்தோங் பாசார்ல பூக்கட. ஆனா எனக்கு இன்னொரு வேலையும் இருக்கு, சம்பளம் கெடையாது. இந்தப் பக்கம் யாரு வீட்டுல பொண்ணு பாக்க வந்தாலும் என்னையத்தான் ஒரு ஓரமா உக்கார வைப்பாங்க. அக்கா, நீங்க பாத்து சொல்லுங்கன்னு. மாப்பிள்ள செருப்ப எப்படிக் கழட்டுறான், பலகாரத்த எடுக்குறதுக்கு முன்னாடி அம்மா மூஞ்சியப் பாக்குறானா, எல்லாம் கவனிப்பேன். ஒருத்தன் கண்ணு செவந்து, மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தான். குடிகாரன்னு சொல்லிட்டேன். கடைசில பாத்தா, பாவம், அவனுக்குப் பூ வாசம் ஒத்துக்காதாம். என் தலையில இருந்த மல்லிகதான் வெனயாப் போச்சு!

சிரிங்க, சிரிங்க. ஊரே சிரிச்சுச்சு.

பொண்ணுக்கு மட்டும் ஒரே டெஸ்ட்தான். டீத்தட்டு. பையனப் பிடிச்சிருந்தா கை நடுங்கும், கப்பெல்லாம் கிடுகிடுன்னு ஆடும், கொஞ்சமாவது சிந்தும். சிந்தாம கொண்டாந்து வச்சா, அவளுக்கு மனசு இல்லன்னு அர்த்தம். இத சொல்லியே நான் நிறுத்துன சம்பந்தம் இருக்கு.

போன மாசம் என் மகளையே பாக்க வந்தாங்க. பையன் பேரு சுகுமாரன், புக்கிட் தெங்காவுல ஒரு பேக்டரில எஞ்சினியரு. தங்கமான பையன், அவனக் குத்தம் சொல்ல முடியாது. என் மக டீ கொண்டாந்தா பாருங்க, ஒரு கப்பு அசையல. ஆபீஸ்ல பைல் கொண்டாந்து வைக்கிற மாதிரி வச்சிட்டுப் போனா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? என் வளர்ப்பு எப்படின்னு பாத்தீங்களான்னு அவங்கம்மாகிட்ட பெருமையடிச்சேன்! அறிவு கெட்ட ஜென்மம்.

அன்னிக்கே எனக்கு அடிவயிறு பிசைஞ்சுச்சு. எனக்கா தெரியாது? ஊரான் ஒடம்பு அசஞ்சா கண்டுபிடிப்பேன், என் வயித்த மட்டும் காத்துன்னு நெனச்சு தைலம் தேச்சிக்கிட்டேன். பரிசம் போட நாளும் குறிச்சாச்சு. தைலம்தான் தீந்துச்சே தவிர வயிறு சரியாகல.

நேத்து சாயங்காலம் அவளுக்கு ஒரு போன் வந்துச்சு. மோட்டர் ரெடி, வந்து எடுத்துக்கோங்கன்னு. அவ்வளவுதான் விசயம். அதுக்கு அவ கையில இருந்த மைலோ மேசையெல்லாம் கொட்டிருச்சு. சர்வீஸ் முடிஞ்சதுக்கு யாராச்சும் இப்படி நடுங்குவாங்களா, நீங்களே சொல்லுங்க. ஏன்டி எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். நீங்கதான் எல்லாரையும் பாத்தே கண்டுபிடிப்பீங்களே, என்னைய மட்டும் பாக்கலயாம்மான்னா. அடிச்சிருந்தாக்கூட அப்படி வலிச்சிருக்காது தம்பி. ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம்.

ஆமா, நேத்து நீங்க போன் போட்டுச் சொன்னீங்களே, அந்த மூலையில நிக்கிற செவப்பு மோட்டர்தான். சாந்தினியோடது. நான் அவங்கம்மா. அட, எந்திரிக்காதீங்க கோகிலன், நான் சண்ட போட வரல. சுகுமாரன் வீட்டுக்குக் காலையிலயே போன் போட்டு, கால்ல விழாத கொறையா மன்னிப்புக் கேட்டுட்டேன். ஞாயித்துக்கெழம பரிசம் இல்ல. ஆனா நீங்க அவகிட்ட இதுவர ஒரு வார்த்தகூட சொன்னதில்லையாமே? பாக்குறதோட சரியாம். அவளும் பாத்ததோட சரி. அத நம்பி நான் ஒரு சம்பந்தத்தையே ஒடச்சிட்டு வந்து உக்காந்திருக்கேன்.

இந்தா, நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிறேன். உங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன். எனக்கு இனிமே பாத்துத் தெரிஞ்சிக்கிறதே வேணாம். வாயத் தொறந்து சொல்லுங்க தம்பி, என் மகள உங்களுக்குப் பிடிச்சிருக்கா?