விளக்கு எரிகிறது என்பதுதான் புகார்

எங்கள் சர்வீஸ் சென்டரில் காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிற காபி நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது நான் என்பதால் கொஞ்சம் பெருமையும் உண்டுதான். வண்டியில் கோளாறு என்று கொதித்துக்கொண்டு வருகிறவர் கையில் விளிம்புவரை நிரம்பிய கோப்பையைக் கொடுத்துவிட்டால், அந்தக் கையை அவரால் ஓங்க முடியாது. சட்டையில் கொட்டிவிடும். பதினான்கு வருடத்தில் நானாகக் கண்டுபிடித்த தொழில்நுட்பம் இது ஒன்றுதான். மற்றபடி வண்டிகளைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

இதை நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம், ஐயா. என் மனைவிக்கும் தெரிந்த விஷயம்தான். வீட்டில் குழாய் ஒழுகினால்கூட அவள் என்னைக் கூப்பிட மாட்டாள். நான் குழாயைச் சரி செய்யாமல், 'குழாய் என்றால் ஒழுகத்தான் செய்யும்' என்று அவளைச் சரி செய்துவிடுவேன் என்று பயம்.

என் சட்டையில் 'சர்வீஸ் ஆலோசகர்' என்று தைத்திருக்கும். மெக்கானிக் சொல்வது வாடிக்கையாளருக்குப் புரியாமலும், வாடிக்கையாளர் சொல்வது மெக்கானிக் காதில் விழாமலும் நடுவில் நின்று பார்த்துக்கொள்வதுதான் வேலை. பட்டறையில் எனக்கு 'ஒத்தடம்' என்று பெயர். வீங்கிப்போய் வருகிறவர்களை வற்றவைத்து அனுப்புகிறவன். யார் வைத்த பெயரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மனுஷர்கள் கலங்கி நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

கடிகாரக்காரர் புதுக் கார் வாங்கிப் பதின்மூன்றாம் நாள் வந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே கடிகாரம் பழுதுபார்க்கிற சின்னக் கடை அவருடையது. இருபது வருடமாக ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கி இடுக்கி அந்தக் கண் சற்றுச் சுருங்கிவிட்டது. என்ன சொன்னாலும் கண்ணடித்துச் சொல்வதுபோலவே இருக்கும். அதனால் முதல் பத்து நிமிடம் அவர் விளையாடுகிறார் என்றே நினைத்தேன்.

"தம்பி, சிவப்பு விளக்கு எரியுது. நேத்து பதினொரு செகண்டு. இன்னைக்குக் காலையில பதினாலு."

மற்றவர்கள் எல்லாம் 'எப்பப் பார்த்தாலும் எரியுது' என்பார்கள். செகண்டு கணக்கோடு வந்த முதல் ஆள் இவர்தான். குடும்பத்தில் அதுதான் முதல் கார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை; உட்கார்ந்தால் சரசரக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பிரிப்பாராம்.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. 'வாடிக்கையாளரின் புகார், அவருடைய வார்த்தைகளிலேயே.' நாங்களாக அர்த்தம் பண்ணிக்கொண்டு எதையும் சேர்க்கக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு. நான் கண்டிப்புக்குக் கட்டுப்படுகிறவன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: விளக்கு எரிகிறது. பிரேக் ஆயில் குறைந்திருந்தது. ஊற்றினோம். விளக்கு அணைந்தது. கண்ணடித்துவிட்டுப் போனார்.

எட்டு நாளில் திரும்பி வந்தார். மறுபடி விளக்கு. கூடவே, பிரேக்கை அழுத்தினால் மெத்துமெத்தென்று உள்ளே போகிறது என்றும் சொன்னார். அதை நான் எழுதவில்லை. விளக்கைத்தான் முதலில் சொன்னார்; கட்டமும் சின்னது.

எங்கள் பட்டறையில் கைதேர்ந்த மெக்கானிக் ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் 'ஸ்பானர் அக்கா'. அவர் காருக்கு அடியில் படுத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணே, புது வண்டியில பிரேக் ஆயில் குறையவே கூடாது. வெளியில ஒரு சொட்டு இல்ல. அப்போ உள்ளதான் கசியுது. பிரேக்கோட மாஸ்டர் சிலிண்டரையே மாத்தணும். இத வெளிய விடாதீங்க."

நான் கம்பெனிக்கு முறைப்படி எழுதினேன். கசிவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். உள்ளே கசிவதை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டேன். படம் இல்லாத பட்சத்தில் இது இயல்புக்கு உட்பட்டது என்று பதில் வந்தது. எவ்வளவு நிதானமான வாக்கியம், பாருங்கள். பதினான்கு வருடம் பேசிப் பேசி நான் எட்டாத உயரம் அது. ஆயில் ஊற்றி, 'இயல்புதான் சார்' என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாவது தடவை மனைவியையும் இரட்டைப் பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எட்டு வயதுப் பிள்ளைகள். பெரியவள் எட்டு நிமிடம் பெரியவள் என்று அவர்தான் சொன்னார். வேறு எந்த அப்பா நிமிடக் கணக்கு வைத்திருப்பார்? அந்த அம்மா காபியை வாங்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது.

"தம்பி, வண்டி நல்லா இருக்கா, இல்ல நீங்க நல்லாப் பேசுறீங்களா?"

இரண்டும்தான் அக்கா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடிகாரக்காரர்தான் பாவம், எனக்கும் மனைவிக்கும் நடுவில் சங்கடப்பட்டு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். கண்ணை மூடினாலும் அந்தச் சிவப்பு எரிகிறது என்றார். முதல் தடவையாக யாரோ ஒருவருடைய கடிகாரத்தை நான்கு நிமிடம் தப்பாக வைத்துக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொன்ன முகத்தைப் பார்த்தேன். எனக்கு என்னவோ செய்தது, ஐயா.

எங்கள் மேலாளர் அறையில் ஒரு பலகை உண்டு. ஒரே புகாருக்கு ஒரு வண்டி நான்காவது முறை வந்தால், அதைக் கவனித்த ஆலோசகர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குண்டூசி குத்துவார்கள். அதுவரை என் பெயருக்குப் பக்கத்தில் ஓட்டைகூட இருந்ததில்லை. "என்ன ஒத்தடம், சூடு ஆறிப்போச்சா?" என்று மேலாளர் கேட்டார். அந்தக் குண்டூசிக்குப் பயந்து செய்தேன் என்று நீங்கள் எழுதப் பார்ப்பீர்கள். இல்லை. குண்டூசி என் கணக்கில் இரண்டாவதுதான். முதல் காரணம் அந்த மனுஷருடைய முகம்.

அவர் கேட்டது என்ன? படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் என் கையெழுத்தில் ஒரே வரி: விளக்கு எரிகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று எங்கேயும் இல்லை. அவரை வாட்டுவது விளக்குதான்.

பிரேக் ஆயில் டப்பாவில் சின்னதாக ஒரு வயர் சொருகியிருக்கும். ஆயில் இறங்கினால் உள்ளே விளக்குக்குச் சேதி சொல்வது அதுதான். ஸ்பானர் அக்காவிடம் அதைக் கழற்றச் சொன்னேன். உங்க வீட்டு ஆளுங்கள இந்த வண்டியில ஏத்துவீங்களா என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் பேருந்தில்தான் போவார்கள் என்றேன். ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். சரி என்று நானே உருவினேன். முனையில் கறுப்பு டேப்பைச் சுற்றி, மற்ற வயர்களோடு சேர்த்து அழகாகக் கட்டினேன். சாவியைத் திருப்பினால் எல்லா விளக்குகளும் ஒரு தடவை எரிந்து அணையும் அல்லவா? இதுவும் எரிந்து அணைந்தது. பார்க்கிறவருக்கு விளக்கு உயிரோடுதான் இருக்கிறது என்று தோன்றும். ஓடும்போது மட்டும் எரியாது. என் கையால் செய்த முதல் ரிப்பேர். கொஞ்ச நேரம் பானெட்டை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

படிவத்தில் 'புகார் தீர்ந்தது' என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அக்கா மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் பலகையைப் பார்த்துவிட்டு, "வண்டிதான் திரும்பி வரலையே" என்றாராம். அடுத்த வாரமே அக்கா வேறு பட்டறைக்குப் போய்விட்டார். உங்களிடம் முதலில் வந்து சொன்னது அவர்தான் என்று ஊகிக்கிறேன். நல்ல பெண். வாடிக்கையாளரோடு பழகத் தெரியாது, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துக் கடிகாரக்காரர் வந்தார், புகாரோடு அல்ல. விளக்கு எரியவே இல்லையாம். நன்றாகத் தூங்குகிறாராம். இருக்கை உறைகளைப் பிரித்துவிட்டாராம். என் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி வாங்கி, அங்கேயே வரவேற்பு மேசையில் வைத்துச் சுத்தம் செய்து கொடுத்தார். அந்த அம்மாவும் கூட வந்திருந்தார். இந்த முறை காபி வாங்கிக்கொண்டார்.

"நான்தான் தம்பி உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்றேன். உண்மையாகவே வைத்துக்கொள்ளவில்லை. இந்தத் தொழிலில் மன்னிப்புக் கேட்கிற வாடிக்கையாளர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

நான் வயரை உருவிய நாற்பத்தோராம் நாள் காலை எட்டேகாலுக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது, பாலத்துக்கு இறங்குகிற சரிவில் நடந்தது. கீழே ஒரு லாரி நின்றிருந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும், விபத்து நடந்த இடத்தை நீங்கள்தான் அளவெடுத்தீர்கள். அந்த அம்மா அங்கேயே. பெரியவள் மூன்றாம் நாள்.

ஆமாம். வயரை உருவியது நான்தான். ஆயில் குறையும் என்று தெரியும். பிரேக் போகும் என்றும், அக்கா இரண்டு தடவை சொன்னதால், தெரியும். எப்போது என்பது மட்டும் தெரியாது. அதையும் தெரியாதபடி வைத்துக்கொண்டேன் என்று நீங்கள் சொன்னால், மறுத்துப் பேச என்னிடம் வார்த்தை இல்லை. எனக்கே அது புது அனுபவம்.

இந்த ஒரு கார் மட்டும்தானா என்று கேட்டீர்கள். இல்லை. இதே ரகத்தில், இதே புகாரோடு இன்னும் பதினொரு பேர் வந்தார்கள். கடிகாரக்காரருடையதற்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி வண்டிக்கு நான்கு நிமிடம். கை பழகிவிட்டது. வண்டி எண்களை இந்த வாக்குமூலத்தின் நான்காவது பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இன்று மாலைக்குள் எல்லோரையும் கூப்பிட்டு வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லப்போவதாக உங்கள் உதவியாளர் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பதினொரு குடும்பம் நிம்மதியாக இருக்கிறது. ஒருவரிடமிருந்தும் புகார் இல்லை. ஆனால் உங்கள் வேலையில் நான் தலையிட மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பற்றியும் கேட்டீர்கள். நான்காம் நாள் போனேன். எங்கள் சென்டரிலிருந்து வேறு யாரும் போகவில்லை, மேலாளர் உட்பட. கடிகாரக்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவரோ நடந்த எல்லாவற்றையும் ஒரு கடிகாரத்தைப் போல மனசுக்குள் பிரித்துப்போட்டு, கோத்து, முடித்து வைத்திருந்தார்.

"தம்பி, விளக்கு எரியல. கடைசி வரைக்கும் நான் அதத்தான் பார்த்துட்டு இருந்தேன், எரியவே இல்ல. அப்போ பிரேக் நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் பிரேக்னு நெனச்சு வேற எதையோ மிதிச்சிருக்கேன்."

சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு நாக்கின் நுனிவரை வந்தது, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நிலைமையில் இருக்கிற ஒருவரிடம் போய் அதை எப்படிச் சொல்வது? "யாருக்கும் நடக்கிறதுதான், அண்ணே" என்றேன். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அண்ணே என்றதும் உடைந்து அழுதார். நானும் அழுதேன். நர்ஸ் எங்கள் இருவரையும் கூடப் பிறந்தவர்கள் என்றே நினைத்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். முதலில் சாப்பிட மாட்டார்; பேசிப் பேசிச் சாப்பிடவைத்தேன். சின்னவளிடம் அவரே சொல்லிவிட்டார், அப்பா கால் தப்பிவிட்டது என்று. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை. அடுத்த வார்டில்தான் இருக்கிறாள். அவளிடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்பா வேண்டுமென்று செய்யவில்லை, மன்னித்துவிடு என்று. இன்னும் தலையாட்டவில்லை. ஆனால் காதைப் பொத்திக்கொள்வதை நிறுத்திவிட்டாள்.

எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். "தப்பு என்னோடதுதான், ஏத்துக்கிட்டேன் தம்பி" என்று நேற்றுதான் முதல் தடவையாக அழாமல் சொன்னார். அந்த இடத்துக்கு அவரைக் கூட்டிவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனிமேல் போய் வயர், டேப் என்று ஆரம்பித்தால் மனுஷர் தாங்க மாட்டார். மனசு விட்டுப் பேச அவருக்கு இப்போது என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.