நாளை முதுகுப் பக்கம்

ஜிஹெங்: இப்படிப் பின்பக்கமாவே நடந்து ஆத்துல விழுந்தா யாரு பொறுப்பு?

ஷூயிங்: இந்தப் பார்க்குல தினம் காலையில பெருசுங்க எல்லாம் பின்பக்கமாத்தான் நடக்குதுங்க. ஒருத்தரும் விழலை. நீ மட்டும் லண்டன் துரையா?

ஜிஹெங்: சாயங்காலம் லண்டன் ஃபிளைட் ஏறப்போற புருஷனை வெச்சு மொழி ஆராய்ச்சி பண்ற பொண்டாட்டி, இந்த சோங்சிங் ஊர்லயே நீ ஒருத்திதான்!

ஷூயிங்: வாயைக் குறை. சீன பாஷையில யோசி. முந்தாநாள் எங்க இருக்கு? கையால காட்டு.

ஜிஹெங்: இதோ… எதிர்ல. நம்ம பாஷையில அது ‘முன் நாள்’தானே.

ஷூயிங்: நாளன்னிக்கு?

ஜிஹெங்: முதுகுப் பக்கம். அது ‘பின் நாள்’.

ஷூயிங்: போன மாசம்?

ஜிஹெங்: மேல. ‘மேல் மாசம்’னுதானே சொல்றோம். வர்ற மாசம் கீழ. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்…

ஷூயிங்: சரி, இப்ப இங்கிலீஷ்ல யோசி. நாளன்னிக்கு எங்க?

ஜிஹெங்: அது… ஐயோ!

ஷூயிங்: என்ன?

ஜிஹெங்: கை தானா முன்னால போகுது! நான் காட்டலை ஷூயிங், அதுவா போகுது!

ஷூயிங்: முந்தாநாள்?

ஜிஹெங்: தோளுக்குப் பின்னாடி போயிடுச்சு… கடவுளே. அதே ஆளு, அதே கை. பாஷையை மாத்தினா காலமே எந்திரிச்சு வேற இடத்துல போய் உக்காருது. உடம்பெல்லாம் சிலிர்க்குது.

ஷூயிங்: நானும் முதல்ல பார்த்தப்போ அழுதுட்டேன்.

ஜிஹெங்: இத்தனை வருஷம் ரெண்டையும் பேசறேன், ஒரு நாளாவது கவனிச்சேனா! அது ஏன் நமக்கு நாளைக்கு மட்டும் பின்னாடி?

ஷூயிங்: நடந்து முடிஞ்சதைத்தான் கண்ணால பார்த்திருக்கோம், அதனால அது எதிர்ல. வரப்போறதை யாரு பார்த்தா? நான் அப்படித்தான் நினைச்சுக்கறேன்.

ஜிஹெங்: அப்போ இந்தப் பெருசுங்க… இவங்க நடக்கறதுதான் சரியா! பார்த்ததைப் பார்த்துக்கிட்டே, தெரியாததுக்குள்ள போறாங்க. அடேயப்பா…

ஷூயிங்: கடைசிக் கேள்வி. லண்டன்ல இன்னும் மூணு வருஷம். அது எங்க?

ஜிஹெங்: எந்த பாஷையில?

ஷூயிங்: நம்ம பாஷையில.

ஜிஹெங்: …பின்னாடி. ஒண்ணும் தெரியலை.

ஷூயிங்: எதிர்ல என்ன தெரியுது?

ஜிஹெங்: நீ. நம்ம கல்யாணம். கார நூடுல்ஸ் தின்னு நீ மூக்கைச் சிந்தினது…

ஷூயிங்: சீ! …ஜிஹெங், ஒண்ணு சொல்லணும். திட்டாதே.

ஜிஹெங்: சொல்லு.

ஷூயிங்: என் ஆராய்ச்சி போன வருஷமே முடிஞ்சு போச்சு. போகாதேன்னு நேராச் சொல்ல வாய் வரலை. அதான் உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன்.

ஜிஹெங்: வீட்டுக்குப் போய் என் பெட்டியைத் தூக்கிப் பாரு. காலி. லண்டன் வேலையை விட்டுட்டுத்தான் வந்தேன். நீ ‘போகாதே’ன்னு சொல்வியான்னுதான் வெறும் பெட்டியைப் பூட்டி வாசல்ல வெச்சிருக்கேன்.