முப்பத்தெட்டு செல்விங்க

இல்ல சார், லைன வெச்சிடாதீங்க. கேன்சல் பண்றதுக்குக் கூப்பிடல. காசியிலருந்து சென்னைக்கு உங்க ப்ளேன் பதினொன்னு நாப்பதுக்குக் கெளம்புது இல்ல? அதுல கடைசி ஏழு வரிசையில ஆரணி மகளிர் குழு பொம்பளைங்க முப்பத்தெட்டு பேர் வர்றாங்க. அவங்க எடைய நீங்க தப்பா போட்டிருக்கீங்க.

எப்படித் தெரியுமா? டிக்கெட் போட்டதே நான்தான் சார். ஆரணி பஸ் ஸ்டாண்டாண்ட ட்ராவல்ஸ் வெச்சிருக்கேன். எம்.ஏ. படிச்சவ, ஒளர மாட்டேன், கேளுங்க.

பேருக்கு முன்னாடி இன்னா போடணும்னு உங்க சைட்டு கேக்குது. திருமதின்னு போட எனக்கு மனசு வரல. அஞ்சு பேருக்குப் புருஷன் செத்துட்டான், மூணு பேருக்கு ஓடிட்டான். ஓடிப்போனவன ஆகாயம் வரைக்கும் எதுக்கு சொமந்துகினு போவணும்? எல்லாருக்கும் செல்வின்னே போட்டேன். இங்கிலீஷ்ல மிஸ். எங்க ஊர்ல செல்வின்னா கல்யாணம் ஆவாதவ. உங்க கம்ப்யூட்டருக்கு மிஸ்னா சின்னப் பொண்ணு.

சிரிக்காதீங்க சார். எங்க குழுத் தலைவி ரேணுகாம்பாள் தொண்ணூறு கிலோ. உங்க பேப்பர்ல முப்பத்தஞ்சு. பெரியவங்கன்னா எழுபத்தஞ்சு போடுவீங்களாமே, அப்போ ஆளுக்கு நாப்பது கொறையுது. மொத்தம் ஒன்றரை டன்னு! அத்தினியும் வாலாண்ட. பைலட்டு லேசா இருக்குன்னு நெனச்சிகினு ஓட்டுவாரு.

ஆளப் பாத்தாலே தெரியுமா? எடைக் கணக்கு போடறவரு ஆள எங்க சார் பாக்கறாரு, லிஸ்ட்டத்தானே பாக்கறாரு.

போகும்போது நல்லாத்தானே போச்சின்னு சொல்லாதீங்க. குழுவுல இருக்கற எங்க லீலா காசியில எறங்கனதும் போன் பண்ணா. ரன்வேல ஓடும்போதே ப்ளேன் மூக்கு வெடுக்குனு தூக்கிச்சாம், கொடலு வாய்க்கு வந்துடுச்சாம். அப்பதான் லிஸ்ட்டத் தெறந்தேன். எல்லா பேருக்கும் பக்கத்துல சைல்டு, சைல்டு, சைல்டு.

எப்பவா? திங்கக்கெழம.

ஆமா, இன்னிக்கி வெள்ளி. நாலு நாளா வாயத் தெறக்கல. கடைய இழுத்து மூடிடுவாங்கன்னு பயம். இதெல்லாம் ஒரு காரணமான்னு நீங்க கேக்க வாணாம், நானே கேட்டுகினேன்.

கதவு சாத்திட்டாங்களா? யாருக்காவது போன் போடுங்க சார், ஜல்தியா. யாரையும் எறக்க வாணாம், எடைய மட்டும் மாத்திப் போடச் சொல்லுங்க.

இன்னாது? இன்னிக்கி மட்டும் எதுக்கு சொல்றேனா?

போகும்போது முப்பத்தேழு பேருதான் சார். எங்கம்மா பயந்துகினு ரயில்ல போய்ட்டாங்க. வர்றப்பதான் கூட ஏறுறாங்க.