முதுகுப் பொத்தான்

பழைய பருத்தித் துணியை வெயிலில் காயப்போடக் கூடாது, ஐயா. இது தெரியாமல் எத்தனையோ பேர் நல்ல நல்ல வீட்டு கவுன்களைப் பாழாக்கியிருக்கிறார்கள். நான் சேர்த்து வைத்திருப்பதில் ஒன்றுகூடச் சாயம் மங்கவில்லை. அலமாரியைத் திறந்து பாருங்கள்.

பொம்மைகளும் வைத்திருக்கிறேன். குழந்தைகள் விளையாடுகிறவை இல்லை இவை. முழ உயரம் இருக்கும். அந்தக் காலத்துத் துணிக்கடைக்காரர்கள் புது மாதிரி உடுப்பைச் சின்னதாகத் தைத்து, இவற்றுக்குப் போட்டுக் கண்ணாடிக்குள் நிறுத்துவார்கள். முன்பக்கம் எடுப்பாகத் தெரிய வேண்டுமே, அதனால் பொத்தான் எல்லாம் முதுகில். தினமும் சாயங்காலம் உடுப்பு மாற்றிவிடுவேன். எனக்குச் செய்துபோட வேறு யார் இருக்கிறார்கள்?

எதிர்வீட்டு அக்கா ஒருத்தி இருந்தாள். என் பெரிய பொம்மை போட்டிருக்கும் அதே நீலப்பூ கவுன், ஆள் அளவில், அவளிடம் இருந்தது. வருஷக்கணக்காகக் கேட்டேன், தரவில்லை. ஆனால் தினமும் வந்து உட்கார்ந்து பேசுவாள். அது போதும் என்று இருந்தேன்.

போன மாதம் அவளே கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"இந்தா, நீயே வச்சுக்க. நான் மக வீட்டோடயே போயிடறேன்."

"அப்ப நான்?"

"உனக்கென்னடி, வீடு நிறையப் பொம்மை இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கோபமெல்லாம் எனக்கு வரவில்லை. ஆனால் கவுனை ஆணியில் மாட்டிப் பார்த்தேன், ஆள் இல்லாமல் தொங்கியது. மனசு கேட்கவில்லை.

மகள் வந்து கூட்டிப்போவதற்கு முந்தின நாள், கவுனை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுடைய தூக்க மாத்திரைகளையே பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தேன். கசக்குது என்றாள், இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டேன். பால் கறை லேசில் போகாது. அதனால் மூச்சு நின்ற பிறகுதான் கவுனைப் போட்டுவிட்டேன். தலை வாரி, நாற்காலியில் உட்காரவைத்து, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போகிற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

கைப்பழக்கம்தான் காட்டிக் கொடுத்துவிட்டது. வீட்டு கவுனுக்குப் பொத்தான் முன்னால் இருக்கும், யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொள்ள. நான் பொம்மைக்குப் போடுவதுபோலத் திருப்பிப் போட்டு முதுகில் பூட்டிவிட்டேன். தூக்கத்தில் போய்விட்டாள் என்று மகளே நம்பினாள். நீங்கள்தான் கேட்டீர்கள்.

"தனியா இருந்தவங்க முதுகுல எப்படிம்மா பொத்தான் போட்டுக்குவாங்க?"

கெட்டிக்காரர். ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். அக்கா தனியாக இல்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன்.