மாதாவின் தூணும் என் உப்பும்

பாறைக்குள்ளே குடியிருந்து இந்த மலையையே தன் முந்தானைக்குள் வைத்திருக்கும் மரியன்னையை முதலில் வணங்குகிறேன்.

தலைமை ஏற்று, இந்த வெயிலிலும் சரிகைக் குடையின் கீழ் நம்மையெல்லாம்விட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் வொல்தே சாமி அவர்களே! நோன்பிருந்த வயிற்றோடும் முரசு தளராமல் அடித்த பாடகர்களே! லாஸ்தா மலையின் ஊர்ப் பெரியோர்களே! மாதா பிறந்த நாளுக்காகப் பயறும் கோதுமையும் அவித்துக் கூடை கூடையாய்க் கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! பள்ளத்தாக்கு இறங்கி, ஆறு கடந்து, மேடு ஏறி, வெள்ளைப் போர்வை செம்மண் நிறமாகும் வரை நடந்து வந்திருக்கும் யாத்திரிகர்களே! என் கடையில் வாங்குகிறவர்களே, எதிர்க்கடையில் வாங்குகிறவர்களே! எல்லோருக்கும் உப்புக்கார தெறெபேயின் வணக்கம்.

கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நான் பேசி முடித்தபின் தட்டுவீர்களா, கல்லெடுப்பீர்களா என்று எனக்குத் தெரியாது.

எதற்காக என்னை மேடையேற்றினார்கள்? உங்களுக்குத் தெரியும். நம் தெப்ரெ வாஷா மரியம் கோயிலின் வடக்குத் தூண் இரண்டு மாதமாகக் கண்ணீர் வடிக்கிறது. அந்தக் கண்ணீரைப் பிடிக்க ஒரு கல்தொட்டி கட்டப் போகிறோம். அந்தத் தொட்டி முழுக்க என் செலவு என்று நான் அறிவிக்க வேண்டும், நீங்கள் குலவை இட வேண்டும். ஏற்பாடு அதுதான்.

நான் அதை அறிவிக்கப் போவதில்லை.

பொறுங்கள், பொறுங்கள்! கஞ்சன் என்று அங்கே யாரோ சொல்வது காதில் விழுகிறது. கஞ்சன்தான். ஆனால் இன்றைக்குக் காரணம் அதுவல்ல.

அன்பர்களே! இந்தக் கோயிலை நிமிர்ந்து பார்த்தவர் உண்டா? கிடையாது. குனிந்துதான் பார்க்க வேண்டும். உலகத்துக் கோபுரங்கள் தரையில் நின்று வானத்தைத் தேடும். நம் கோயிலோ வானத்தைக் கூரையிலே வைத்துக்கொண்டு தரைக்குள் இறங்கி நிற்கும்! இதிலே செங்கல் உண்டா? சுண்ணாம்பு உண்டா? கல்மேல் கல் வைத்த இடம் ஒன்றாவது உண்டா? ஒரே பாறை! உச்சியில் உளியை வைத்தவன் முதலில் கூரையைக் கண்டான், பிறகு சிலுவைச் சாளரத்தைக் கண்டான், பிறகு வளைவைக் கண்டான், பிறகு தூணைக் கண்டான், கடைசியில்தான் தரையைக் கண்டான்! மற்றவர்கள் கூட்டிக் கட்டினார்கள். நம் முன்னோர் கழித்துக் கட்டினார்கள்! கூட்டிக் கட்டியவன் தப்பு செய்தால் ஒரு கல்லை மாற்றலாம். கழித்துக் கட்டியவன் தப்பு செய்தால் எந்தச் சந்தையில் போய் வேறு மலை வாங்குவான்?

இதை மனதில் வையுங்கள். அந்தத் தூண் போனால் வேறு தூண் இல்லை.

இனி என் கதை. நான் இந்த ஊருக்கு வந்தபோது என்னிடம் ஒரு கழுதையும் பன்னிரண்டு பாளம் உப்பும் இருந்தன. கழுதை என்னைவிட நன்றாக உடுத்தியிருந்தது. கீழே பாலைவனத்தில் வெட்டி ஒட்டகத்தில் ஏறிவரும் அந்த உப்பை நக்கிப் பார்த்தே எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்வேன். அந்த நாக்கால் கடை வைத்தேன். கடையால் யாத்திரிகர் விடுதி வைத்தேன். ஆறு வருடம் முன்பு, கோயிலுக்கு மேல்புறம், அந்த விடுதிக்குப் புதுக் கட்டடமும் அதன் அடியிலேயே உப்புக் கிடங்கும் சேர்த்துக் கட்டினேன்.

அஸ்திவாரம் தோண்டுகிற அன்று கொத்தனார் பிர்ஹானே என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, இங்க ஒரு பள்ளம் போகுதே. பாறையில வெட்டின மாதிரி இருக்கு. என்னான்னு யாரையாவது கேப்போமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பள்ளம்னா என்னய்யா செய்வாங்க? நிரப்பு.”

நிரப்பினார். அதன் மேல் கிடங்கு. கிடங்கின் மேல் அறைகள். அறைகளில் இருந்து பார்த்தால் கோயில் கூரைச் சிலுவை தெரியும். அதற்காகவே வாடகை கூட வாங்கினேன்.

இந்த வருடம் சிறுமழைக் காலமே பெருமழையாய்க் கொட்டியது. மூன்றாம் நாள் வடக்குத் தூண் கசிந்தது. தொட்டு வாயில் வைத்தவர்கள் உப்புக் கரிக்கிறது என்றார்கள். மாதா அழுகிறாள் என்று சந்தையில் கிளம்பிய பேச்சு, மறுவாரம் ஏழு பள்ளத்தாக்கு தாண்டிப் போய்விட்டது. கூட்டம்! கூட்டம்! கொட்டகைகூடக் கிடைக்காத கூட்டம்! வொல்தே சாமி ஒருவர்தான், “பாப்போம், அவசரப்படாதீங்க” என்றார். யார் கேட்டோம்?

நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நம் சாப்பாட்டுக்கடை அல்கனெஷ் அக்கா. அவர் நாக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“என்ன தெறெபே, விடுதியில வராந்தா வரைக்கும் ஆளாமே? மாதா உனக்காகவே அழறா போல.”

“உங்க அடுப்பும்தான் அணையல, அக்கா” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

சிரிப்பு நின்றது.

கண்ணீரும் கரிக்கும், உப்பும் கரிக்கும். ஆனால் அந்தப் பாலைவனத்து உப்பு கரித்து முடித்தபின் நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பாய்க் கிள்ளும். என்ன கேட்கிறீர்கள், அம்மா? கண்ணீரிலும் கசப்பு உண்டா என்றா? உண்டு தாயே, மறுக்கவில்லை. ஆனால் அது நாக்கில் படாது, நெஞ்சில் படும். என் நாக்கில் பட்டது என் சரக்கு!

ஓடினேன். கிடங்கைத் திறந்தேன். அடிவரிசைப் பாளங்கள் பாதியாய்க் கரைந்து, தரையில் சகதியாய்க் கிடந்தன. மேல்சரிவிலிருந்து வந்த மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் என் கிடங்குக்குள் தேங்கி, என் உப்பைக் கரைத்து, ஆறு மழைக்காலமாய் மெல்ல விரிந்து இந்த வருடம் வழிவிட்ட பாறை வெடிப்பு வழியாக இறங்கி, மாதாவின் தூணில் வடிந்துகொண்டிருந்தது.

நான் நிரப்பியது பள்ளம் அல்ல, அன்பர்களே! கோயிலை வெட்டிய கைகள், கோயிலில் தண்ணீர் நிற்கக் கூடாதென்று மேல்சரிவில் சுற்றி வெட்டிய வாய்க்கால்! கோயிலைப் பகலில் மனிதரும் இரவில் வானதூதரும் செதுக்கினார்கள் என்று நாம் பாடுகிறோம். பாடுவோம். ஆனால் அந்த வாய்க்காலை வெட்டியவன் நிச்சயம் மனிதன்! நனைந்தவனுக்குத்தானே மழையின் கவலை தெரியும்?

தெரிந்தபின் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அறைகள் நிரம்பியிருந்தன, ஐயா! வியாபாரி நிரம்பிய அறையைக் காலி செய்வானா? தானாய் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் தூணைத் தடவினேன். வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. கை பட்ட இடம் வறுத்த பார்லி மாவு மாதிரி உதிர்ந்தது. எத்தனையோ தலைமுறை மழைக்கு அசையாத பாறை என் விரலுக்கு உதிர்ந்தது!

அப்போதும் பேசவில்லை. என்னைப் பேச வைத்தவர் அதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜெனெபெச் அம்மாள். மூன்று நாள் நடந்து வந்தவர். கண் இரண்டும் பழுத்துச் சிவந்திருந்தன. நேற்று தூண் தண்ணீரைக் கையில் ஏந்திக் கண்ணில் விடப் போனார். அந்தக் கசப்பு உப்பு புண்பட்ட கண்ணில் விழுந்தால்? பாய்ந்து கையைப் பிடித்தேன்.

“வேணாம்மா! விடாதீங்க!”

“ஏம்ப்பா?”

“அது... அது என் உப்பும்மா.”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலில் விழத் தயாராய் நின்றேன். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“சரிப்பா. தண்ணி உன்னோடது. மூணு நாளா நடந்தேனே, அந்த நடை யாரோடது? அதுவும் உன் சரக்கா?”

அவர் அதோடு விடவில்லை:

“நான் தண்ணிக்கா வந்தேன்? அவளைப் பாக்க வந்தேன். அவ வீட்டுத் தூணை நீ அரிச்சுக்கிட்டு நிக்கிற. முதல்ல அதை நிறுத்து. கண்ணுக்கு நான் வைத்தியர்கிட்ட போய்க்கிறேன்.”

கேட்டீர்களா தாய்மார்களே? நான் ஊருக்கு உண்மை சொன்னால் உங்கள் பக்தி உடைந்துவிடும் என்று பயந்தேன். பக்தியா உடையும்? உடைந்தது என் சாக்கு!

இன்று காலை வொல்தே சாமியிடம் போய் மண்டியிட்டேன். கேட்டு முடித்துச் சொன்னார்: “என்கிட்ட சொன்னதுக்கு மன்னிப்பு உண்டு. ஆனா என்கிட்ட சொல்லி வாய்க்கால் திறக்காது. மேடையில சொல்லு.”

சொல்லிவிட்டேன், சாமி.

பெரியோர்களே! பெருமழைக் காலத்துக்கு இன்னும் நாற்பது நாள்தான். வாய்க்கால் அடைபட்டே இருந்தால் என்ன ஆகும்? தூண் நனையும்! நனைந்த தூண் உதிரும்! உதிர்ந்த தூணின் மேல் வளைவு விரியும்! வளைவு விரிந்தால் கூரை என்று நாம் கும்பிடும் அந்த மலை என்ன செய்யும்? அழுகிற தூணுக்குத் தொட்டி வேண்டாம். அதை அழ வைக்கிற சுவர் வேண்டாம்! என் கிடங்கு போகட்டும்! அதன் மேலே சிலுவை தெரிகிற அறைகள் போகட்டும்! கழித்துக் கழித்துக் கோயில் கண்டவர்களின் மக்கள் நாம். நம் பங்குக்கும் கொஞ்சம் கழிப்போம்!

அந்த வாய்க்காலின் மேல் என் கட்டடம் மட்டும் இல்லை. கீழே இன்னும் ஆறு கட்டடங்கள் உண்டு. யாருடையவை என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். யாரையும் கேட்கவும் மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. என்னுடையதை இன்றே இடிக்கிறேன், பிறகு...

யார் அது எழுந்திருப்பது? அல்கனெஷ் அக்காவா? சத்தமாய்ச் சொல்லுங்கள், அக்கா, எல்லோரும் கேட்கட்டும்.

“ஏய் உப்புக்காரா! மேல உன் கிடங்கை இடிச்சா, தேங்கின தண்ணியெல்லாம் எங்க போகும்?”

கீழே போகும், அக்கா.

“கீழ யாரோட அடுப்படி?”

உங்களுடையதுதான், அக்கா.

“அப்ப என்னோடதைத்தான்டா முதல்ல இடிக்கணும்! கீழேயிருந்து மேல திறந்துக்கிட்டு வரணும். இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணி என்ன புண்ணியம், தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு தெரியல உனக்கு!”

கேட்டீர்களா! கேட்டீர்களா! இடிபடுகிறதில்கூட என்னை முந்துகிறார் இந்த அம்மாள்! இதோ, பயற்றுக்கூடையை அங்கேயே போட்டுவிட்டு நடக்கிறார். பின்னால் பிர்ஹானே கடப்பாறையோடு போகிறார். பாடகர்களும் முரசைத் தூக்கிவிட்டார்கள். தலைவர் அவர்களே, நன்றியுரை நீளமாய் எழுதி வைத்திருந்தேன், மன்னிக்க வேண்டும். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், இன்னும் கல்லெடுக்காத இந்த ஊருக்கும் என் நன்றி, என் வணக்கம். மேடையில் நிற்கிற நேரமல்ல இது. வழி விடுங்கள், ஐயா, இரண்டாவது கடப்பாறையாவது என்னுடையதாக இருக்கட்டும்!