கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா

தொண்ணூற்றொன்றில் ஒரு காலை, வாலாஜாபாத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் துணி தைக்கும் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“ஐஸ் மேல சறுக்கி ஆடுனது பொண்ணு. மூச்சு வாங்குனது ஓரமா கோட்டு போட்டுக்கினு நின்ன அம்மாவுக்கு.”

“எங்கடி?”

“டிவியில. கனடாக்காரம்மா. ஐஸ் மேல ஆம்பளைங்க மட்டும் எகிறிக்கினு இருந்த ஒரு தாவல, அவங்க ஊர்ல மொதல்ல எகிறுன பொம்பள அவங்கதானாம். பக்கத்து வூட்டு டீச்சர் சொன்னாங்க. இப்ப அந்தப் பொண்ணுக்குக் கத்துக்குடுக்கறாங்க.”

“அதுக்கு இன்னா இப்ப?”

“நேத்து என்னிய மெஷின்லேர்ந்து எழுப்பி, புதுசா வந்த பொண்ணுக்குக் கத்துக்குடுன்னாரு சூப்பர்வைசர். அது காலர கோணலா தெச்சுது. என்னால பாத்துக்கினு இருக்க முடியல. புடுங்கி நானே தெச்சுட்டேன். மூணு வாட்டி.”

“நல்லதுதானே?”

“இன்னா நல்லது? சாயங்காலம் வரைக்கும் அதுக்கு ஒண்ணும் வரல. அழுதுட்டுது.”

ஒரகடத்தில் பாதி பஸ் இறங்கியது.

“டிவியில அந்தப் பொண்ணு வுழுந்துச்சு. அந்தம்மா ஓடிப்போய்த் தூக்கல. ஓரத்துக் கம்பிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கினு நின்னாங்க. அதுவா எழுந்து, மறுபடி எகிறுச்சு.”

மற்றவள் இவள் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: “உனக்கு அங்க புடிச்சுக்க இன்னா கீது?”

கம்பெனி ஸ்டாப் வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

“அந்தப் பொண்ணு ஒக்கார்ற நாற்காலி கீதே. அதோட முதுகப் புடிச்சுக்கறேன்.”